ஆணி வாங்க மறந்த வீடு

‘சும்மா ஒப்பாரி வைக்காதே.’ என் வயதுக்காரர்கள் இணையத்தில் இவ்வளவு சரளமாகப் பயன்படுத்தும் வசவு வேறு உண்டா என்று தெரியவில்லை. படம் ஓடவில்லை என்று தயாரிப்பாளர் பேசினால் ஒப்பாரி. தேர்தலில் தோற்றவர் பேட்டி கொடுத்தால் ஒப்பாரி. சம்பள உயர்வு வரவில்லை என்று டீம் மீட்டிங்கில் ஒருத்தர் வாயைத் திறந்தால் அதுவும் ஒப்பாரி. உண்மையான சாவு வீட்டில், மாரில் அடித்துக்கொண்டு ஒரு கிழவி பாடுவதை மட்டும் அப்படிச் சொல்வதில்லை. அதற்குப் பெயர் இப்போது ரீல்ஸ். அடியில் சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக நிற்கும்.

துக்கத்துக்கு என்று தனி இசை வடிவத்தையே வைத்திருந்த ஒரு மொழி, அந்த வடிவத்தின் பெயரைக் கிண்டல் சொல்லாக மாற்றியிருக்கிறது. இதைப் பற்றிப் புலம்புவது என் நோக்கம் இல்லை. (புலம்பினால் ‘ஒப்பாரி வைக்காதே’ என்பீர்கள்.) ஒரு கோரிக்கை இருக்கிறது, அதோடு கொஞ்சம் சண்டையும் இருக்கிறது.

கோரிக்கை இதுதான். 1937 டிசம்பர் 1 அன்று லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் முதன்முதலாக மேடையேறிய நாற்பது நிமிட ஓபரா ஒன்றை, எங்கள் தம்மம்பட்டியில், கூத்துக் கலைஞர்களையும் ஒப்பாரி பாடும் பெண்களையும் வைத்து மேடையேற்ற வேண்டும். ஓபராவின் பெயர் ‘ரைடர்ஸ் டு த சீ’. இசை ரால்ஃப் வான் வில்லியம்ஸ். கடலில் ஆண்களை ஒவ்வொருவராகப் பறிகொடுக்கும் ஒரு குடும்பத்தின் கதை. தம்மம்பட்டியோ கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவில், சுவேத நதிக்கரையில் இருக்கிறது. அங்கிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் கடல். தெரிந்துதான் சொல்கிறேன்.

*

முதலில் கதை. இதை எழுதியவர் ஜே. எம். சிங். பஞ்சாபி இல்லை, ஐரிஷ்காரர். 1898 முதல் 1902 வரை அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஆரன் தீவுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய்த் தங்கினார். அவர்கள் மொழியைக் கற்றார், அவர்கள் சாவுகளைப் பார்த்தார். அதிலிருந்து பிறந்த ஓரங்க நாடகம் 1904இல் டப்ளினில் மேடையேறியது.

மோர்யா என்ற கிழவி. கணவன், மாமனார், ஆறு மகன்கள் என்று வீடு நிறைய ஆண்களை வைத்திருந்தவள். நாடகம் தொடங்கும்போது மிச்சம் இருப்பது பார்ட்லி என்ற கடைசி மகனும் இரண்டு பெண்களும்தான். மைக்கேல் என்ற மகன் காணாமல் போய் ஒன்பது நாள் ஆகிறது. எங்கோ வடக்கே, டோனகல் கரையில், ஒரு உடல் ஒதுங்கியிருக்கிறது. அந்த உடலிலிருந்து எடுத்த சட்டையும் ஒரு காலுறையும் மூட்டையாக வீட்டுக்கு வந்திருக்கின்றன. அது மைக்கேல்தானா என்று மகள்கள் கண்டுபிடிக்க வேண்டும். அம்மாவுக்குத் தெரியாமல்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். சட்டைத் துணியை வைத்து முடிவு செய்ய முடியவில்லை. அந்தத் துணி கடையில் யாருக்கும் கிடைப்பது. ஆனால் காலுறையைப் பின்னியவள் தங்கை நோரா. அறுபது கண்ணி போட்டு, அதில் நாலு விட்டது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. எண்ணிப் பார்க்கிறாள். சரியாக இருக்கிறது. ஒரு மனிதனின் மரணம் உறுதியாவது தங்கையின் பின்னல் கணக்கில். நாள் முழுக்கப் பிழைப் பதிவுகளைத் தோண்டிப் பிழைக்கிறவன் நான். இவ்வளவு துல்லியமான, இவ்வளவு கொடூரமான ஒரு சரிபார்ப்பை வேறெங்கும் படித்ததில்லை.

பார்ட்லி குதிரை விற்கச் சந்தைக்குப் போக வேண்டும். கடல் சரியில்லை. ஆனால் இந்தப் படகை விட்டால் அடுத்தது இரண்டு வாரம் கழித்துத்தான். மைக்கேலின் உடல் கிடைத்தால் குழியில் இறக்க வேண்டும் என்று வாங்கி வைத்த கயிற்றை எடுத்துக் குதிரைக்குக் கடிவாளமாக முடிகிறான். போகாதே என்கிறாள் அம்மா. போகிறான். கிழவி ஆசீர்வாதம் சொல்ல மறக்கிறாள், மகள் ரொட்டி கொடுத்துவிட மறக்கிறாள். கொஞ்ச நேரத்தில், பின்னால் வந்த குதிரை அவனைக் கடலுக்குள் தள்ளிவிட்டது என்ற செய்தியோடு, பாய்த்துணி போர்த்திய பலகையில் உடல் வந்து சேருகிறது. மைக்கேலுக்காக வாங்கிச் சுவரோரம் சாத்தி வைத்திருந்த வெள்ளைப் பலகைகள் இப்போது பார்ட்லியின் சவப்பெட்டிக்கு. அடிக்க வந்தவர் ஆணி கேட்கிறார். ஆணி இல்லை. வாங்க மறந்துவிட்டார்கள். இத்தனை சவப்பெட்டி செய்து பார்த்தவள் ஆணியை எப்படி மறந்தாள் என்று பக்கத்தில் நிற்பவர் ஆச்சரியப்படுகிறார்.

கயிறு, பலகை, ரொட்டி, காலுறை, ஆணி. இவ்வளவுதான் நாடகம். வில்லன் யாரும் இல்லை.

*

வான் வில்லியம்ஸ் இதை எடுத்து என்ன செய்தார் என்பதுதான் என் வாதத்துக்கு முக்கியம். இங்கிலாந்தின் கிராமங்களில் அலைந்து நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்தவர் அவர். சிங்கின் வசனத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டார். பாட்டெழுத ஆள் பிடிக்கவில்லை. கதாநாயகி நடுமேடைக்கு வந்து மூன்று நிமிடம் உச்சத்தில் பாடிக் கைதட்டல் வாங்குகிற இடம் எதையும் நுழைக்கவில்லை. பேச்சின் இழுவை எங்கே ஏறுகிறதோ அங்கே ராகம் ஏறுகிறது, பேச்சு நிற்கும் இடத்தில் நிற்கிறது. வாத்தியக் குழு சின்னது. அதோடு கடல் இரைச்சலுக்கென்று ஒரு கருவி. உடல் வரும்போது வெளியிலிருந்து பெண்களின் குரல் கேட்கிறது. அதில் சொற்களே இல்லை.

அயர்லாந்தில் அந்த அழுகைக்கு ‘கீனிங்’ என்று பெயர். செத்தவரைச் சுற்றி உட்கார்ந்து, உடம்பை ஆட்டி, பெண்கள் முறை வைத்துப் பாடுவது. நமக்கு விளக்கம் தேவையில்லை. கத்தோலிக்கத் திருச்சபைக்கு அது பிடிக்கவில்லை, நாகரிகம் அடைந்தவர்களுக்கும் பிடிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் அது பெரும்பாலும் அழிந்துபோனது. வான் வில்லியம்ஸ் இந்த ஓபராவை எழுதிய காலத்தில், அழிந்துகொண்டிருக்கும் ஒரு குரலைத்தான் மேடைக்கு வெளியே நிற்க வைத்தார்.

நம்மிடம் அந்தக் குரல் இன்னும் அழியவில்லை. அதைக் கிண்டல் செய்யும் கட்டத்தில்தான் இருக்கிறோம்.

*

இனி சண்டைக்கு வருவோம். இந்த யோசனையை நண்பர்களிடம் சொன்னபோது வந்த பதில்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் பதில்: ‘ஓபரா நமக்கு அந்நியம்பா. காலனிய மிச்சம். அதை எதுக்கு இழுத்துட்டு வர்றே?’ இப்படிச் சொல்கிறவர்கள் ஓபரா என்றதும் கண்ணாடி விளக்கும் வெல்வெட் திரையும் தடித்த பாடகியும் என்று ஏதோ ஒரு ஹாலிவுட் காட்சியை நினைத்துக்கொள்கிறார்கள். கதையைப் பாட்டாக நடிப்பதுதான் ஓபரா என்றால் நமக்கு அதில் பஞ்சமே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் அருணாசலக் கவிராயர் ராமாயணத்தைக் கீர்த்தனைகளாக்கினார். கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் கதையை அப்படிச் செய்தார். சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் சாகும்வரை இசை நாடகங்களாக எழுதிக் குவித்தார். இதற்கெல்லாம் முன்பிருந்தே கூத்து இரவு முழுக்கப் பாடிக்கொண்டிருக்கிறது. அந்நிய நாடகங்களும் கூத்துக்குப் புதிதில்லை. புரிசைக் கூத்துக் கலைஞர்கள் பிரெக்டின் நாடகத்தையும் மார்க்கேஸின் சிறுகதையையும் கூத்தாக ஆடியிருக்கிறார்கள். கூத்து அதனால் அசுத்தமாகிவிடவில்லை. ‘மரபைத் தொடாதே’ என்று கத்துகிறவர்களில் எத்தனை பேர் ஒரு முழு இரவு கூத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது பதில் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது: ‘பண்ணினா ஒழுங்கா பண்ணணும். சென்னையில நல்ல அரங்கம், மும்பையிலேருந்து ஆர்க்கெஸ்ட்ரா, ஆங்கிலத்துலயே பாடணும். கூத்துல போட்டா அது வான் வில்லியம்ஸ் இல்ல.’ இந்திய சட்டப்படி படைப்பாளி இறந்து அறுபது ஆண்டுகளில் காப்புரிமை முடிகிறது. வான் வில்லியம்ஸ் இறந்தது 1958. ஆக 2019 முதல் இந்தியாவில் அவர் இசை பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் வயலின் வைத்து வாசிக்கலாம், எனக்கு ஆட்சேபமே இல்லை. ஆனால் அப்படி வாசித்தால் என்ன நடக்கும்? இருநூறு பேர் வருவார்கள். நல்ல சட்டை போட்டிருப்பார்கள். இடைவேளை இல்லாததால் காபி இல்லை என்று வருத்தப்படுவார்கள். ‘ஹாண்டிங்’ என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். தன் ஊரில் அழிந்துகொண்டிருந்த அழுகையையும் பேச்சையும் நம்பி எழுதப்பட்ட படைப்பு, அழுகைக்கு அறவே இடமில்லாத ஒரு அறையில் போய் உட்காரும். வான் வில்லியம்ஸின் ஸ்வரங்களைக் காப்பாற்றுவதா, அவர் செய்த காரியத்தைச் செய்வதா என்பதுதான் கேள்வி. மக்கள் பேச்சிலிருந்து இசையை எடுப்பது, அழகுபடுத்தாமல் விடுவது, பெண்களின் அழுகையைச் சொல் இல்லாமல் நிற்க வைப்பது. இந்த மூன்றும்தான் அவர் செய்த காரியம். மூன்றையும் முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் செய்யும்.

மூன்றாவது பதில்தான் கனமானது. அதை அவசரமாகத் தாண்ட முடியாது.

*

‘கடலில் செத்தவர்களின் கதையைச் சொல்ல நீ யார்? சமவெளிக்காரன். கடற்கரை மக்களை இத்தனை காலம் திரும்பிப் பார்க்காத ஊரிலிருந்து வந்து, இப்போ அவங்க துக்கத்தை எடுத்து மேடை கட்டப் போறியா?’

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு தேதி இருக்கிறது. 2017 நவம்பர் 30. ஒக்கி புயல் குமரிக் கடலில் வலுத்த நாள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பெயர்போனவை. வாரக்கணக்கில் கடலில் தங்குகிறவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்களில் பலர் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தார்கள். எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கே பல நாட்கள் மாறிக்கொண்டிருந்தது. தேடச் சொல்லி, முதலமைச்சரை நேரில் வரச் சொல்லி, டிசம்பர் முதல் வாரத்தில் அந்த மக்கள் குழித்துறையில் ரயிலை மறித்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளுக்கு அந்த ஊர்களின் பெயரே தெரிந்தது. எங்கள் பக்கம் அந்த வாரம் ஒக்கி என்றால் வானிலைச் செய்தி. ‘நமக்கு மழை வருமா?’ அவ்வளவுதான் கேட்டோம்.

கரை ஒதுங்கிய உடல்களை மரபணுச் சோதனை வைத்து அடையாளம் கண்டார்கள். நோராவின் அறுபது கண்ணிக்கு இன்றைய பெயர் அது. பலருக்கு அதுவும் இல்லை. உடல் கிடைக்காதவர் செத்தவரா இல்லையா? பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்றது. ஏழு ஆண்டுகள் ஒரு மனைவி விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. வங்கிக் கணக்கு அவன் பெயரில், கடன் அவன் பெயரில், ஆள் மட்டும் இல்லை. ஒக்கிக்குப் பிறகு அவ்வளவு காலம் காத்திருக்கவிடாமல் அரசு விதிகளைத் தளர்த்த வேண்டியிருந்தது. ஆனால் காகிதம் வந்தாலும் அந்த வீட்டில் எந்த நாளைச் செத்த நாளாக வைத்துக்கொள்வது? மோர்யாவின் மகள்கள் ஒன்பது நாள் காத்திருந்து கேட்டதும் இதே கேள்விதான்.

ஆகவே ‘நீ யார்?’ என்ற கேள்வி நியாயமானது. என் பதில் மூன்று படிகளில் வருகிறது.

ஒன்று. இதை எழுதிய சிங்கும் கடல்காரர் இல்லை. டப்ளின் பக்கத்து வசதியான புராட்டஸ்டண்ட் குடும்பத்துப் பையன். அவருடைய இன்னொரு நாடகத்துக்கு 1907இல் டப்ளினிலேயே அரங்கில் கலவரம் நடந்தது, எங்கள் மக்களைக் கேவலப்படுத்திவிட்டாய் என்று. அந்தக் கோபத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். ஆனால் டோனகல் கரையில் ஒதுங்கிய உடலையும், உடைமைகளைத் துண்டு துண்டாகச் சேர்த்து அது யார் என்று முடிவுசெய்த உறவினரையும் அவர் தீவிலேயே கேட்டறிந்து குறித்து வைத்தார். போய்த் தங்கிக் கேட்டுத்தான் அதை எழுத முடிந்தது. இந்த வேலையைச் செய்யாமல் மேடைக்குப் போகிறவனுக்குக் கேள்வி கேட்கிறவர் சொல்வது முழுக்கப் பொருந்தும்.

இரண்டு. தமிழில் இந்தக் காரியத்துக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். யாழ்ப்பாணத்து மஹாகவி எழுதிய ‘புதியதொரு வீடு’ ஒரு பா நாடகம். மீனவக் குடும்பம். கடலுக்குப் போனவன் புயலில் திரும்பவில்லை. செத்தான் என்று முடிவுகட்டி, அவன் மனைவியைத் தம்பி மணந்துகொள்கிறான். பிறகு ஒருநாள் போனவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். ‘காணாமல் போனவன் இறந்தவனா?’ என்ற கேள்வி ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை இதைவிட நேராகச் சொன்ன தமிழ் நாடகம் எனக்குத் தெரியாது. அதில் வரும் சிறு நண்டுப் பாட்டைத் தனிப்பாடலாகக் கேட்டு உருகிய உங்களில் பலருக்கு, அது இந்த நாடகத்தின் பாட்டு என்பதே தெரிந்திருக்காது. மஹாகவி பிறந்தது அளவெட்டியில். கடற்கரை ஊர் இல்லை, தோட்டமும் வயலும் உள்ள ஊர். அதற்காக அந்த நாடகத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மூன்று. அது தம்மம்பட்டி ஏன் என்பதற்கான பதிலும்கூட.

*

சமவெளிக்குக் கடல் இல்லை என்று யார் சொன்னது?

நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவன் வீட்டைக் கேளுங்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர் போட மத்தியப் பிரதேசத்துக்கும் சத்தீஸ்கருக்கும் போனவன் அம்மாவைக் கேளுங்கள். வண்டி கிளம்பினால் மாதக்கணக்கு. போன் வந்தால் உயிரோடு இருக்கிறான், வராவிட்டால் சிக்னல் இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். நாலாவது நாளும் வராவிட்டால் என்ன நினைப்பது? எங்கோ பெயர் வாயில் நுழையாத ஒரு ஊரின் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இந்தியில் ஒரு அழைப்பு. தெரிந்த பையன் யாரையாவது ஓடிப்போய்க் கூட்டிவந்து பேச வைக்க வேண்டும். பிறகு இரண்டு நாள் ஓடி வரும் ஆம்புலன்ஸ். பார்ட்லி கடலுக்கு மீன் பிடிக்கப் போகவில்லை, ஞாபகம் இருக்கட்டும். வியாபாரத்துக்குப் போகிறான். இந்த டிரிப்பை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது என்பதால் போகிறான். இந்த வாக்கியத்தைச் சேலம், நாமக்கல் பக்கத்தில் எந்த வீட்டில் சொன்னாலும் அடிக்குறிப்பு தேவைப்படாது.

அதனால் கதையை இங்கே ‘மாற்ற’ வேண்டாம். இந்த இடத்தில்தான் பெரும்பாலான தமிழ்த் தழுவல்கள் கெட்டுப்போகின்றன. மோர்யாவை மாரியம்மா ஆக்கி, ஆரன் தீவை ராமேஸ்வரம் ஆக்கி, ரொட்டியைக் கஞ்சி ஆக்கி, பார்ட்லியை லாரி டிரைவர் ஆக்கினால் கதை புரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. பார்வையாளனை மடையன் என்று நம்புகிறவன் செய்கிற வேலை அது. அஸ்தினாபுரத்தை எங்கள் ஊரில் யார் பார்த்தார்கள்? குருசேத்திரத்துக்கு யார் டிக்கெட் போட்டார்கள்? கர்ணன் விழும்போது அழவில்லையா? கட்டியங்காரன் வந்து, ‘இது அயர்லாந்துங்க, குளிர் ஜாஸ்தி, சுத்தியும் கடலு, அந்தம்மா பேரு மோர்யா’ என்று சொன்னால் முடிந்தது. லாரிக்காரன் வீட்டுக்காரி மிச்சத்தைத் தானே போட்டுக்கொள்வாள். நாம் போட்டுக் கொடுத்தால் அவளுக்கு வேலையே இல்லை.

இன்னொன்று. இறந்தவருக்குக் காரியம் செய்யும் இரவில் ‘கர்ண மோட்சம்’ கூத்து வைப்பது வடதமிழ்நாட்டில் இருந்துவரும் வழக்கம். இதை யோசித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் சாவு. அந்த வீட்டு வாசலிலேயே, பிள்ளையை இழந்த குந்தியும் புருஷனை இழந்த பொன்னுருவியும் விடிய விடியப் பாடி அழுகிறார்கள். நிஜத் துக்கக்காரர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இசை நாடகம் ஒரு சாவுச் சடங்காகவே இருக்கிற இடம் இது. லண்டன் கல்லூரி அரங்கத்துக்கு இப்படி ஒரு பார்வையாளர் எந்தக் காலத்திலும் கிடைத்திருக்க மாட்டார். அந்த ஓபரா இவ்வளவு காலம் தப்பான முகவரியில் இருந்திருக்கிறது என்றே சொல்வேன்.

*

எப்படிச் செய்வது? ஆசை மட்டும் சொல்லிவிட்டுப் போவது என் தொழிலுக்கு ஆகாது.

மேடையில் ஒரே பொருள் போதும்: பலகைகள். தம்மம்பட்டி மரச்சிற்பங்களுக்குப் பெயர்போன ஊர். வாகை மரத்தில் தசாவதாரமும் யாளியும் கோயில் வாகனங்களும் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், செதுக்காத வெள்ளைப் பலகை ஐந்து கேட்க வேண்டும். இழைத்து மட்டும் கொடுங்கள், ஒரு பூ கூட வேண்டாம் என்று. மரத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காத ஒரு ஊரின் நடுவில், யாரும் தொடாத ஐந்து பலகை நாற்பது நிமிடம் சுவரில் சாத்தியிருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு அது எதற்கென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மோர்யா வேடத்துக்கு, வழக்கப்படி பெண்வேடம் கட்டும் ஆண் கலைஞர் வேண்டாம். ஒப்பாரி பாடிப் பழகிய ஒரு வயதான பெண் வேண்டும். வெளிக்குரலுக்கு இன்னும் ஆறேழு பேர். அவர்களுக்குச் சொல் கொடுக்கக் கூடாது, இழுவை மட்டும்.

கஷ்டமான இடம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நம் ஒப்பாரி ஒரு வழக்கு. ‘என்னை விட்டுட்டுப் போயிட்டியே’ என்று செத்தவன் மேலேயே குற்றம் சாட்டும். சாமியைத் திட்டும், மாமியாரைத் திட்டும், சொத்துக் கணக்கு கேட்கும். உயிரோடு இருக்கிறவர்கள் கூனிக் குறுகுவார்கள். அதன் பலமே அதுதான். மோர்யா கடைசியில் யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. இனி கடல் தன்னிடமிருந்து எடுக்க எதுவும் இல்லை என்கிற இடத்துக்கு வந்துவிடுகிறாள். இனிமேல் ராத்திரி தூங்கலாம். இந்த அமைதி ஒப்பாரியில் இல்லை, கூத்திலும் இல்லை. முகாரியை எடுத்து ஊற்றினால் கெட்டுப்போகும். கூத்து வாத்தியாரும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் அது வான் வில்லியம்ஸுக்குச் செய்யும் மரியாதை என்பதைவிட, ஒப்பாரிக்குப் புதிதாகக் கிடைத்த ஒரு அடி.

ஆகவே அவர்களுக்கு இசையமைப்பாளர் சம்பளம் கொடுக்க வேண்டும். ‘நாட்டுப்புறக் கலைஞர்’ என்று ஒரு சால்வையும் பிளாஸ்டிக் கேடயமும் கொடுத்து அனுப்பும் வேலை நடக்கக் கூடாது. அழைப்பிதழில் வான் வில்லியம்ஸ் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும். சேலம் மாவட்டம் ஏர்வாடியிலிருந்து மணல்வீடு இதழை நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன் போன்றவர்கள் கூத்துக் கலைஞர்களுக்காகப் பல ஆண்டுகளாகப் பேசியும் உழைத்தும் வருகிறார்கள். அந்த உழைப்புக்கு நம் பக்கத்திலிருந்து போனது பெரும்பாலும் ஹார்ட்டின்தான்.

முதல் ஒத்திகைக்குத் தூத்தூர்க் கரையிலிருந்து பெண்களை அழைக்க வேண்டும். கௌரவ விருந்தினராக இல்லை, பயணச் செலவும் ஒரு நாள் கூலியும் கொடுத்து, பார்த்துச் சொல்ல அழைக்க வேண்டும். அவர்கள் ‘இது வேண்டாம்’ என்றால் நிறுத்த வேண்டும். மூன்றாவது கேள்வியைக் கேட்டவருக்கு என் பதில் இதில்தான் முடிகிறது. யாருடைய துக்கம் என்ற கேள்வியைக் கட்டுரையில் தீர்க்க முடியாது. ஒத்திகையில், அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தீர்க்க முடியும்.

*

பணம் எங்கே என்பீர்கள். எங்கள் பக்கத் திருவிழாக்களில் கூத்துக்கு இருந்த இரவுகளை இப்போது ஆடல் பாடல் குழுக்கள் எடுத்துக்கொண்டன. எல்இடி திரைக்கும் ஸ்பீக்கர் அடுக்குக்கும் ஊர் வரி போட்டுப் பணம் தருகிறது. ஆக பணம் இருக்கிறது. இதைப் படிக்கிற உங்களில் பலர் ஓடிடி சந்தாவுக்கும் புத்தகக் கண்காட்சிக்கும் செலவழிப்பதில் ஒரு மாதத்தை ஒதுக்கினாலே பாதிக் கிணறு தாண்டலாம். எல்லாவற்றுக்கும் அரசு, அகாதமி, அறக்கட்டளை என்று கைநீட்டுவதை நாம் நிறுத்தலாம்.

ஒவ்வொரு நவம்பர் கடைசியிலும் ஒக்கி நினைவு என்று ஒரு படம் போடுகிறோம். கருப்புப் பின்னணி, ஒரு படகு, இரண்டு வரி. அடுத்த நாள் வேறு படம். அந்த நாடகத்தில் பலகை வாங்கினார்கள், கயிறு வாங்கினார்கள், சாவுக்கு எல்லாத் தயாரிப்பும் இருந்தது. ஆணியை மட்டும் மறந்தார்கள். மறந்ததற்குக் காரணம் கல்நெஞ்சு இல்லை. அத்தனை சாவு பார்த்துக் களைத்துப் போயிருந்தார்கள். நமக்கு அந்தச் சாக்கும் இல்லை. நம்மிடம் கூத்து இருக்கிறது, ஒப்பாரி பாடத் தெரிந்த கிழவிகள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள், தம்மம்பட்டியில் பலகை இருக்கிறது. ஆணி ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிறது. யாராவது போய் வாங்கி வர வேண்டும்.